காலேபின் கண்கள்



சில ஆண்டுகளுக்கு முன்னர், திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறன்று, அட்டன் பகுதியிலுள்ள தோட்டம் ஒன்றின் சிற்றாலயத்தில் திருப்பலி நிறைவேற்றினேன். அன்றைய இரண்டாம் வாசகம் புனித பவுல் பிலிப்பி நகர இறைமக்களுக்கு எழுதிய திருமுகத்திலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. எப்பொழுதும் ஆண்டவரில் மகிழ்ந்திருக்குமாறு திருத்தூதர் விடுக்கும் அழைப்பை விளக்கி, முறுமுறுப்பதை விட்டுவிட்டு எதையும் நல்ல கண்ணோடு பார்க்கப் பழக வேண்டும் என்று மறையுரை ஆற்றினேன். நன்றாகவே பேசினேன் என்ற நினைப்பும் எனக்கு இருந்தது.

திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது, கொழுந்து பறித்துக் கறைபடிந்த விரல்களைக் கூப்பியவாறு ஒரு தாய் என்னிடம் வந்தார். "சாமி, மழையில நனைஞ்ச கொழுந்துன்னு சொல்லி, நிறுக்கிற நேரமெல்லாம் கிலோ கிலோவாக் கழிக்கிறாங்க. அதையும் நல்ல கண்ணோட பாக்கணுமா சாமி?" என்று கேட்டார். அவருடைய குரலில் கோபம் இருக்கவில்லை. விடை தெரிந்துகொள்ள வேண்டும் என்ற விருப்பமே இருந்தது. எனக்கோ உடனே பதில் சொல்ல இயலவில்லை. ஏதோ ஓர் ஆறுதல் வார்த்தை கூறி, ஆசீர்வதித்து அனுப்பிவைத்தேன். ஆனால் அந்தக் கேள்வி மட்டும் என்னோடு தங்கிவிட்டது.

நேர்மறையான மனப்பாங்கு என்பது இன்று எல்லாரும் பேசும் பொருளாகிவிட்டது. நினைத்தால் நடக்கும், சிரித்தால் சிறக்கும் என்று கூறும் நூல்கள் புத்தகக் கடைகளில் அடுக்கப்பட்டுள்ளன. அவற்றில் சில பயனுள்ளவையும்கூட. எனினும், நனைந்த கொழுந்துக்காக உழைப்பின் ஒரு பகுதியை இழந்து நிற்கும் தாய்க்கு, "சிரியுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்வது நற்செய்தி ஆகுமா? துன்பத்தைத் துன்பமென்று சொல்லவும் விடாமல் வாயை மூடச் செய்வது கிறிஸ்தவ மகிழ்ச்சி ஆகுமா? அப்படியானால், கிறிஸ்தவன் கொண்டிருக்க வேண்டிய நல்ல மனப்பாங்குதான் எது?

இதற்குரிய விடையை நான் விவிலியத்தின் எண்ணிக்கை நூலில் கண்டேன்.

எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்ற இஸ்ரயேல் மக்கள், கானான் நாட்டின் எல்லையை அடைகின்றனர். குலத்துக்கு ஒருவராகப் பன்னிரண்டு பேரைத் தெரிந்தெடுத்து, நாட்டை உளவு பார்த்துவருமாறு மோசே அனுப்புகிறார். அவர்கள் நாற்பது நாள்கள் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புகின்றனர். இருவர் சேர்ந்து தடியில் கட்டித் தூக்கிவரும் அளவுக்குப் பெரிய திராட்சைக் குலையையும், மாதுளை, அத்திப் பழங்களையும் கொண்டுவருகின்றனர். அந்த நாட்டில் அரண் சூழ்ந்த நகர்களும் உயர்ந்து பருத்த மனிதர்களும் இருப்பதையும் அவர்கள் கண்டிருந்தனர் (எண் 13:21-28).

அன்பர்களே, ஒன்றைக் கவனியுங்கள். பன்னிரண்டு பேரும் கண்டது ஒரே நாட்டைத்தான். திராட்சைக் குலையைப் பன்னிரண்டு பேரும் கண்டனர். பருத்த மனிதர்களையும் பன்னிரண்டு பேரும் கண்டனர். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்கு மறைந்திருக்கவில்லை. இருந்தும் பத்துப் பேர், நம்மால் முடியாது என்றனர். காலேபும் யோசுவாவும் மட்டும், ஆண்டவர் நம்மோடு இருப்பதால் நம்மால் முடியும் என்றனர். அவர்களைப் பிரித்தது அவர்கள் கண்ட காட்சியன்று; அந்தக் காட்சிக்குள் கடவுளையும் சேர்த்துப் பார்த்தார்களா, விட்டுவிட்டுப் பார்த்தார்களா என்பதேயாகும்.

அந்தப் பத்துப் பேர் கூறிய ஒரு வார்த்தை சிந்திக்கத்தக்கது. பகைவர்கள் முன்னிலையில் தங்கள் பார்வைக்கே தாங்கள் வெட்டுக்கிளிகளைப் போல் தோன்றியதாகவும், அவர்கள் பார்வைக்கும் அப்படியே இருந்ததாகவும் அவர்கள் கூறினர் (எண் 13:33). வெட்டுக்கிளி என்று பகைவன் அவர்களை அழைக்கவில்லை. அவர்களே தங்களுக்கு அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டனர். அதன் விளைவு என்ன? அன்றிரவு முழுவதும் மக்கள் அழுதனர். எகிப்துக்கே திரும்பிப் போய்விடலாம் என்றனர். ஒரு தலைமுறை நாற்பது ஆண்டுகள் பாலைநிலத்தில் அலைந்து, வாக்களிக்கப்பட்ட நாட்டைக் காணாமலே மடிந்தது. பத்துப் பேரின் அவநம்பிக்கைப் பேச்சுக்கு ஒரு தலைமுறை விலை கொடுத்தது!

இனி, நம் இல்லங்களுக்குள் வருவோம். மாலையில் வேலை முடிந்து, லயத்தின் குந்தில் அமர்ந்து நாம் பேசும் பேச்சுகள் எப்படிப்பட்டவை? "நம்ம தலையெழுத்து இவ்வளவுதான்." "தோட்டத்துப் பிள்ளை படிச்சு என்ன செய்யப் போகுது?" "எங்க போனாலும் நாம கூலிதான்." அடுப்படியில் பாடம் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் காதில் இவை விழுகின்றன. அந்தப் பிள்ளை சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றுமுன்பே கொழும்புக் கடைக்குப் புறப்பட்டுவிட்டால், வறுமை மட்டுமா அதற்குக் காரணம்? நாம் நாள்தோறும் சொல்லிக்கொடுத்த வெட்டுக்கிளிப் பாடமும் அல்லவா காரணம்! மதுக்கடையில் சம்பளத்தை விட்டுவரும் தந்தையும், தன் வாழ்வுக்குப் பொருளில்லை என்று கருதும் இளைஞனும், முதலில் தோற்றுப்போனது தங்கள் உள்ளத்துக்குள்தான்.

நகரத்தில் அலுவலகப் பணியிலோ ஆசிரியப் பணியிலோ இருப்போருக்கும் இது பொருந்தும். "நான் சொல்லி என்ன நடக்கப் போகிறது?" என்று ஒதுங்கிவிடும் ஊழியரும், "இந்த வகுப்பு தேறாது" என்று முடிவுகட்டிவிட்டுப் பாடம் நடத்தும் ஆசிரியரும், அந்தப் பத்துப் பேரின் வரிசையில்தான் நிற்கின்றனர்.

ஆனால் நம் மலையகத்தின் வரலாறு வெட்டுக்கிளிகளின் வரலாறு அன்று. தலைமன்னாரில் கரையிறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்த நம் முன்னோர்களில் பலர் கொள்ளைநோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டனர். எஞ்சியோர் இந்த மலைகளைக் கோப்பித் தோட்டங்களாக்கினர். 1869ஆம் ஆண்டு கோப்பி இலைகளில் ஒரு பூஞ்சண நோய் தோன்றியது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பிப் பயிர்ச்செய்கை ஏறத்தாழ அழிந்தேபோயிற்று. ஆனால் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1867இல், லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் என்பவரின் மேற்பார்வையில் 19 ஏக்கரில் தேயிலை நடப்பட்டிருந்தது. 1900ஆம் ஆண்டளவில் மூன்று இலட்சம் ஏக்கருக்கும் அதிகமான நிலத்தில் தேயிலை பசுமையாக நின்றது. வரலாற்று நூல்கள் துரைமார்களின் பெயரைச் சொல்கின்றன. ஆனால் பட்டுப்போன கோப்பி வேர்களைப் பிடுங்கிவிட்டு, அதே மண்ணில் தேயிலைக் கன்றை ஊன்றிய கைகள் நம் பாட்டன், பாட்டிமாரின் கைகள் அல்லவா! 'எல்லாம் போய்விட்டது' என்று சொல்வதற்கு அவர்களுக்கு எல்லாக் காரணமும் இருந்தது. ஆயினும் அவர்கள் மீண்டும் நட்டார்கள்.

அதன்பின் இன்னொரு நோய் வந்தது. அது சட்டத்தின் வடிவில் வந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நம் மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. மறு ஆண்டில் அவர்களுடைய வாக்குரிமையும் பறிபோனது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் ஒரே குடும்பத்தைக்கூட இரண்டு நாடுகளுக்கெனப் பிரித்தது. எஞ்சியிருந்த நாடற்ற நிலையை முடிவுக்குக் கொண்டுவரும் சட்டம் 2003ஆம் ஆண்டில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. இடைப்பட்ட அந்த 55 ஆண்டுகளும் நம் மக்கள் வாளாவிருக்கவில்லை. விண்ணப்பித்தார்கள், சத்தியாக்கிரகம் இருந்தார்கள், தொழிற்சங்கங்களில் திரண்டார்கள், பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பினார்கள். 2023ஆம் ஆண்டு, மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபவனி மேற்கொள்ளப்பட்டது. முன்னோர்கள் நடந்த அதே வழியை, இம்முறை இந்த நாட்டின் குடிமக்களாக நடந்து கடந்தார்கள்.

இதே மலைநாட்டுக்குரிய புனிதர் ஒருவரையும் இங்கே நினைவுகூர்வது பொருத்தமாகும். கோவாவில் பிறந்த புனித யோசப் வாஸ் அடிகளார், கத்தோலிக்க மறை தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், 1687ஆம் ஆண்டு ஏழைக் கூலியாளின் தோற்றத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். 1692இல் கண்டியை அடைந்தபோது, போர்த்துக்கேயரின் உளவாளி என்று ஐயுறப்பட்டுச் சிறைப்படுத்தப்பட்டார். குருவாகப் பணிசெய்ய வந்தவருக்குக் கிடைத்தது சிறை! அவர் என்ன செய்தார் தெரியுமா? அந்த நாள்களைச் சிங்கள மொழியைக் கற்கும் நாள்களாக்கினார். காவல் சற்றுத் தளர்ந்ததும் சிறு குடிலொன்றை அமைத்துச் செபித்தார். மெல்ல மெல்லக் கத்தோலிக்கர் அவரைத் தேடிவரத் தொடங்கினர். 1697இல் கண்டியில் அம்மைநோய் பரவியபோது, கைவிடப்பட்ட நோயாளிகளை மத வேறுபாடு பாராமல் பராமரித்தார். ஐயத்தோடு நோக்கிய அரசவையே அவரை மதித்தது. 1711ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் கண்டியிலேயே உயிர்நீத்த அவரை, 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக உயர்த்தினார்.

சிறையைச் சிறையல்ல என்று யோசப் வாஸ் அடிகளார் தம்மை ஏமாற்றிக்கொள்ளவில்லை. 'இந்தச் சிறைக்குள் இன்று என்னால் செய்யக்கூடியது எது?' என்று கேட்டார். நேர்மறை மனப்பாங்கின் முழு இரகசியமும் அந்தக் கேள்வியில் அடங்கியிருக்கிறது. பிலிப்பியருக்கு எழுதிய பவுலும் சிறையிலிருந்தே எழுதினார். எந்த நிலையிலும் மனநிறைவோடு இருக்கத் தாம் கற்றுக்கொண்டதாக அவர் கூறுகிறார் (பிலி 4:11). பிறக்கும்போதே தமக்கு வாய்த்த குணம் என்று அவர் சொல்லவில்லை, கற்றுக்கொண்டதாகச் சொல்கிறார். கற்றுக்கொள்ளக்கூடியது என்றால், நாமும் கற்கலாம் அல்லவா?

அதைக் கற்கும் பாடசாலை நம் வேலைத்தளமே. கொழுந்து பறிக்கும் சகோதரிகளுக்கு இது நன்கு தெரியும். ஒரு தேயிலைச் செடியில் முற்றிய இலைகளே ஏராளம். இரண்டு இலையும் ஒரு மொட்டுமான கொழுந்து அவற்றினிடையே ஆங்காங்கேதான் நிற்கும். புதிதாக வேலைக்கு வரும் பெண்ணுக்கு இலைக்கூட்டம்தான் தெரியும். பழகியவருக்கோ கொழுந்து தானாகவே கண்ணில் படும். முற்றிய இலை இல்லையென்று அவர் நினைப்பதில்லை. அது செடியின் உணவுக்காக அங்கேயே இருக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். அவருடைய கை மட்டும் கொழுந்தை நாடுகிறது. கண்ணுக்குப் பயிற்சி கொடுத்தது போலவே உள்ளத்துக்கும் பயிற்சி கொடுக்கலாம். உண்மையானவை, நேர்மையானவை, விரும்பத்தக்கவை எவையோ அவற்றின்மீது மனத்தைச் செலுத்துமாறு பவுல் அறிவுரை கூறுவது (பிலி 4:8) இந்தப் பயிற்சியையே.

கவ்வாத்து வெட்டிய மலையையும் நாம் பார்த்திருக்கிறோம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, பசுமையாக நின்ற செடியை வெறும் கட்டையும் கிளையுமாக வெட்டிவிடுகிறார்கள். அறியாதவர் பார்த்தால், மலையே செத்துவிட்டது என்பார். ஆனால் ஓரிரு மாதங்களில் அந்தக் கட்டைகளில் தளிர் அரும்புகிறது. வேரில் சேமிக்கப்பட்டிருந்த மாச்சத்தே அந்தத் தளிருக்கு உணவு. வேரில் சேமிப்புக் குன்றிய செடி, கவ்வாத்தைத் தாங்காமல் பட்டுப்போவதும் உண்டு. நம் வாழ்விலும் கவ்வாத்துக் காலங்கள் வருகின்றன. கனி தரும் கிளையை மேலும் கனி தருமாறு தந்தை கழித்துவிடுவதாக ஆண்டவர் இயேசுவே கூறியுள்ளார் (யோவா 15:2). அந்தக் காலத்தைத் தாங்க வேண்டுமானால், நல்ல நாள்களிலேயே வேரில் சேமித்திருக்க வேண்டும். குடும்பமாகச் சொல்லும் மாலைச் செபமாலையும், ஞாயிறு திருப்பலியும், அயலவரோடு கொள்ளும் ஒற்றுமையும் நம் வேரின் சேமிப்புகள்.

2025ஆம் ஆண்டை இங்கே மறக்க முடியாது. எதிர்நோக்கின் திருப்பயணிகள் என்ற கருப்பொருளோடு திரு அவை யூபிலி கொண்டாடிய அதே ஆண்டின் நவம்பர் இறுதியில், 'டித்வா' புயலும் மண்சரிவுகளும் நம் மலைநாட்டைச் சிதைத்தன. நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உறவுகளை மண்ணுக்குள் இழந்தவரிடம் போய், "நல்லதையே நினையுங்கள்" என்று எவரும் உபதேசிக்க வேண்டாம். இலாசரின் கல்லறை முன் இயேசுவும் கண்ணீர்விட்டார். அழுகை அவநம்பிக்கை ஆகாது. அவ்வாறே, நீண்ட நாள் உறக்கமின்றி, உண்ண மனமின்றி, வாழப் பிடிக்கவில்லை என்று சொல்லும் ஒருவரை, விசுவாசம் குறைந்தவர் என்று எவரும் பழிக்கக் கூடாது. காய்ச்சலுக்கு மருத்துவரை நாடுவது போல மனநோய்க்கும் மருத்துவரை நாட வேண்டும். அவரைத் தனியே விடாமல், அருகிருந்து வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வதே நம் அன்பின் கடமை.

இப்பொழுது மீண்டும் காலேபிடம் வருவோம். கானானை உளவு பார்த்தபோது அவருக்கு வயது 40. அடுத்த நாற்பது ஆண்டுகள், தாம் செய்யாத குற்றத்துக்காக அவரும் மக்களோடு பாலைநிலத்தில் அலைந்தார். 85 வயதில் அவர் யோசுவாவின் முன் வந்து நிற்கிறார். முதுமையைக் காரணம் காட்டிச் சமவெளியில் ஓர் எளிய இடத்தைக் கேட்டிருக்கலாம். அவரோ, ஆண்டவர் தமக்கு வாக்களித்த மலைநாட்டைத் தமக்குத் தருமாறு கேட்கிறார்! அந்தப் பருத்த மனிதர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள் என்பதையும் தம் வாயாலேயே சொல்லிவிட்டுக் கேட்கிறார் (யோசு 14:6-12).

பார்த்தீர்களா! காலேபின் நல்ல மனப்பாங்கு, கிடைத்தது போதுமென்று ஒதுங்கி நிற்கும் மனப்பாங்கு அன்று. தடையை மறைக்காமல் சொன்னது; தனக்குரியதை நிமிர்ந்து நின்று கேட்டது; கேட்டதோடு நில்லாமல் உழைக்கவும் முன்வந்தது. காணியுரிமையும் தனி வீடும் இன்னும் கைகூடாத பல குடும்பங்கள் வாழும் இந்த மலைநாட்டில், காலேபின் குரல் நமக்கும் உரியதல்லவா? உரிமை கேட்பவன் முறுமுறுப்பவன் அல்லன். முறுமுறுப்பவன் லயத்துக்குள் இருந்து புலம்புவான். எதிர்நோக்கு உள்ளவன் எழுந்து சென்று முறையாகக் கேட்பான்.

அந்தத் தாயின் கேள்விக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். ஆனால் நான் சொல்வதற்கு முன்பே அவர் அதைச் செய்துகொண்டிருந்தார். சில மாதங்களின் பின் அதே தோட்டத்துக்குச் சென்றபோது, ஒரு கொப்பியைக் கொண்டுவந்து காட்டினார். ஒவ்வொரு நாளும் நிறுத்த கொழுந்து எவ்வளவு, கழிக்கப்பட்டது எவ்வளவு என்று, பாடசாலை செல்லும் மகளின் குண்டு குண்டான கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தது. அந்தக் கணக்கைத் தோட்டத் தலைவரிடம் கொடுத்து, அவரோடு நான்கைந்து பெண்களாகச் சென்று தோட்ட அலுவலகத்தில் பேசினார்களாம். "கழிக்கிறது முழுசா நிக்கல சாமி. ஆனா இப்ப நினைச்சபடி கழிக்கிறதில்ல. நாங்க எழுதுறோம்னு தெரியும்" என்று கூறிச் சிரித்தார். என் மறையுரை தர முடியாத மகிழ்ச்சியை அந்தச் சிரிப்பில் கண்டேன். மகளுக்கும் அந்தக் கொப்பி ஒரு பாடமாகியிருக்கும்: தன் தாய் வெட்டுக்கிளி அல்லள்!

அன்புக்குரியவர்களே, இந்த வாரம் மூன்று காரியங்களைச் செய்து பாருங்கள். காலையில் பிரட்டுக்கோ அலுவலகத்துக்கோ புறப்படுமுன், 'ஆண்டவரே, இன்று என் கைக்கு எட்டிய நன்மை எது? அதைக் காட்டும்' என்று ஒரு நிமிடம் செபியுங்கள். மாலையில் பிள்ளைகளோடு அமர்ந்து, அன்று நடந்தவற்றுள் நன்றி சொல்லத்தக்க ஒன்றை ஒவ்வொருவராகச் சொல்லுங்கள். வருந்தத்தக்க ஒன்று இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லி இறைவனிடம் ஒப்படையுங்கள். 'நம்மால் முடியாது' என்ற சொல் வாயில் வரும்போது, அதை அங்கேயே நிறுத்தி, 'நம்மால் இன்று எது முடியும்?' என்று கேளுங்கள். மலை ஒரே நாளில் பெயராது. ஆனால் பேச்சு மாறினால் வீடு மாறும். வீடு மாறினால் பிள்ளைகளின் நாளை மாறும்.

செபிப்போம்: வாக்குமாறாத இறைவா, எங்கள் துன்பங்களை நீர் அறிவீர். அவற்றைக் காணாதது போல் நடிக்காமலும், அவற்றை மட்டுமே கண்டு சோர்ந்துவிடாமலும் இருக்கும் தெளிந்த கண்களை எங்களுக்குத் தாரும். சிறையிலும் உம் பணியைச் செய்த புனித யோசப் வாஸ் அடிகளாரின் பரிந்துரையால், எங்கள் உழைப்பையும் இல்லங்களையும் ஆசீர்வதியும். எங்கள் பிள்ளைகள் இந்த மலைநாட்டில் நிமிர்ந்து வாழச் செய்தருளும். ஆமென்.